அடைக்கலசாமி சொன்ன ‘பாக்கலாம்’

பெரம்பலூரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், சொந்தக்காரர் முதலில் அதை அணைத்துப் போட்டுப் பார்ப்பார். பிறகு மண்டையில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் அடைக்கலசாமிக்குப் போன் போடுவார். “சாமி, பெருசா ஒண்ணுமில்ல, ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடேன்.” ஒன்றுமில்லையாம்! அந்த ஒன்றுமில்லாத வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு போய் உட்கார்ந்தால், மனுஷன் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் ஒரு காபி வரும். அந்தக் காபியையும் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள், அவருக்குத்தான் பதறும்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அவருக்கு வேலை. கழுத்தில் தொங்குகிற அட்டையில் ‘சிஸ்டம் அட்மின்’ என்று போட்டிருக்கும். அங்கே புரொஜெக்டர் எரியாவிட்டாலும் அவர்தான், கைரேகை மெஷின் எவருடைய கட்டைவிரலையாவது ஒத்துக்கொள்ள மறுத்தாலும் அவர்தான். முதலாளி வீட்டுக் கல்யாண ஆல்பம் போனிலிருந்து காணாமல் போனபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பிறந்தது எலாக்குறிச்சிப் பக்கம், இப்போது துறைமங்கலத்தில் வாடகை வீடு. மனைவி சாந்தி மேரிக்கு அரியலூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறார். மகள் ஷாலினி மேரி நர்சிங் படிக்கத் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனபின் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

இவ்வளவு அலுப்புக்கும் நடுவில் அந்த மனுஷனுக்குக் கம்ப்யூட்டர் சலிக்கவில்லை, அதுதான் அதிசயம். ஊர்க் கம்ப்யூட்டர்கள்தான் சலித்துப்போயிருந்தன. தன்னுடையதைத் திறந்துவிட்டால் முகமே மாறிவிடும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் ஏதாவது புதிதாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் பழைய லேப்டாப் ஒன்றில் ஏற்றிப் பார்த்தாக வேண்டும். ஏற்றி, வால்பேப்பர் மாற்றி, அழகு பார்த்து, அடுத்த வாரம் அழித்துவிடுவார். “அது எதுக்குங்க?” என்று கேட்டால், “நல்லாருக்கான்னு பாத்தேன்” என்பார். அதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது.

இன்னொன்று லாரி விளையாட்டு. ஐரோப்பா முழுவதும் சரக்கு லாரி ஓட்டுகிற கேம் அது. தன் லாரியின் முதுகில் ‘எலாக்குறிச்சி அடைக்கல மாதா துணை’ என்று தானே வரைந்து ஒட்டியிருந்தார். வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால், இண்டிகேட்டர் போட்டு, சிக்னலில் நின்று, வேக வரம்பு தாண்டாமல் ஓட்டுவார். நிஜ ரோட்டில் பாலக்கரை ரவுண்டானாவில் அப்படி ஓட்டினால் பின்னால் வருகிறவன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லுவான்.

“இன்னிக்கு எங்கங்க லோடு?” என்று சமையலறையிலிருந்து சாந்தி கேட்பார்.

“ஜெர்மனிலேருந்து இத்தாலிக்கு. பால் லோடு.”

“வரப்ப தக்காளி இருந்தா வாங்கிட்டு வாங்க.”

ஆனால் இத்தாலி வரை போய்வருகிற இந்த டிரைவர், நிஜத்தில் வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லை. ஆசை இல்லாமலா? ஆசை கழுத்துவரை இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு ரயில் பாதையை எடுத்துவிடுவார். எந்த வண்டி எங்கே எஞ்சின் மாற்றுகிறது, எந்த ஸ்டேஷனில் வடை நன்றாக இருக்குமாம், எல்லாம் வீடியோவில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். அதிலும் அந்த வேளாங்கண்ணி–கோவா வண்டி என்றால் உயிர். திருச்சி வழியாகப் போய், கர்நாடகாவைக் கடந்து, மலை இறங்குகிற இடத்தில் தூத்சாகர் அருவி ரயில் பெட்டிக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அட்டவணைப்படி போனால் வண்டி அந்த இடத்தை இருட்டில் தாண்டிவிடும், ஒன்றும் தெரியாது. லேட்டாகப் போனால் விடிந்துவிடும், அருவியைப் பார்க்கலாம். இதற்காக, அந்த வண்டி வாராவாரம் எங்கே எவ்வளவு லேட் ஆகிறது என்று தானாகவே குறித்து வைக்கிற ஒரு சின்ன புரோகிராமை எழுதி ஓடவிட்டிருந்தார். ரயில் லேட் ஆனால் சந்தோஷப்படுகிற ஒரே தமிழன் அடைக்கலசாமியாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த ‘பாக்கலாம்’ கதைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்கிற வழக்கம் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களிடமும் ‘பாக்கலாங்க’, கைமாற்று கேட்டவனிடமும் ‘பாக்கலாம்ப்பா’. கேட்டவருக்கும் புரிந்துவிடும், சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விடுவார். இதில் விதிவிலக்கு அடைக்கலசாமி ஒருவர்தான். அவர் ‘பாக்கலாம்’ என்றால் நிஜமாகவே பார்ப்பார். குன்னத்திலிருந்து கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். ஊருக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் போன் ஓய்ந்ததில்லை.

வீட்டுக்கு மட்டும் அது தலைகீழாகிவிட்டது. சாந்தி ஏதாவது ஊருக்குப் போகலாம் என்று கேட்பார். இவரும் ‘பாக்கலாம்’ என்பார், உள்ளபடியே பார்க்கவும் தொடங்குவார். சரியாக அந்த நேரத்தில் எவன் வீட்டிலாவது ஒரு கம்ப்யூட்டர் மல்லாந்துவிடும், பயணம் தள்ளிப்போகும். கல்யாணமான இத்தனை வருடத்தில் சாந்தி காதில் அந்த வார்த்தை ஊர் அர்த்தத்திலேயே உறைந்துபோய்விட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்க எங்கே நேரம்?

இந்த ஜூலையில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்த சாந்தி சொன்னார். “ஏங்க, காலாண்டு லீவுக்கு உங்க கோவா வண்டில போவமா? ஷாலினியும் இல்ல. நம்ம ரெண்டு பேருதான.”

மனுஷனுக்கு உள்ளே ஒரு பல்பு எரிந்தது. கத்திக் குதித்திருக்க வேண்டாமா? சரி, ஒரு சிரிப்பாவது சிரித்திருக்க வேண்டாமா? திரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்து “பாக்கலாம்” என்றார். சாந்தி எழுந்து போய் உலை வைத்தார்.

அடைக்கலசாமி பார்த்தார். முன்பதிவு திறந்த அன்று காலையில் முதல் ஆளாக உட்கார்ந்து இரண்டு பெர்த் பிடித்தார். சாந்திக்குக் கீழ் பெர்த், தனக்கு அதற்கு மேலே நடுப் பெர்த். கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இந்த மழைக்காலத்தில் வண்டி லேட் ஆகிற கணக்கும் சாதகமாக இருந்தது. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. முன்கூட்டிச் சொன்னதெல்லாம் கெட்டுப்போகிறது என்று அவருக்கு ஒரு பயம், அதனால் போகிற வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

அந்த வாரமும் வந்தது. டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாந்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கினார்.

“ஏங்க, லீவுக்கு நான் எங்க ஸ்கூல் டீச்சருங்களோட கோவா போறேன். உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்.”

“எந்த வண்டி?”

“நீங்க சாப்பிடறப்பல்லாம் சொல்லுவீங்களே, அதேதான். நான்தான் அந்த அருவியப் பத்திச் சொன்னேன், எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு. ஹெச்.எம். ஜெகதாம்பாள் டீச்சர் எல்லாருக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டாங்க. லேடீஸ் மட்டுந்தான். வீட்டுக்காரங்க யாரும் ஒட்டிகிட்டு வரக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க.”

அடைக்கலசாமி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். சாந்தி வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அதே வண்டி, அதே தேதி, இரண்டு பெயர்.

“இது எப்பங்க போட்டீங்க?”

“ஜூலைலயே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேனே. நீ கேட்டப்ப பாக்கலாம்னு சொன்னேன்ல.”

சாந்தி முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “பாக்கலாம்னா இல்லேன்னுதானங்க அர்த்தம்? ஊர்ல எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க? இத்தன வருஷமா நீங்களும் அப்படித்தான சொன்னீங்க? திடீர்னு இந்தத் தடவ மட்டும் வேற அர்த்தம்னா எனக்கு எப்படித் தெரியும்?”

“சரி விடு. அவங்ககிட்ட வரலேன்னு சொல்லிடு. நம்ம ரெண்டு பேரும் போவோம்.”

சாந்தி இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார். பிறகு சொன்னார். “கோச்சுக்காதீங்க. நான் ஊரு பாக்கப் போகல. தூங்கப் போறேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சு, பஸ்ஸுல நின்னுகிட்டே போயி, நின்னுகிட்டே பாடம் நடத்தி, நின்னுகிட்டே வூட்டுக்கு வரேன். ஒரு நா முழுக்கப் படுத்துகிட்டே எங்கயாவது போவணும்னு இருக்கு. உங்களோட வந்தா உங்க போனு அடிச்சுகிட்டே இருக்கும். ‘ஸ்டார்ட்ட அமுக்குங்க, இப்ப ரைட் கிளிக் பண்ணுங்க’ன்னு பொட்டி முழுக்கக் கேக்க நீங்க கத்திகிட்டே வருவீங்க. அதக் கேட்டுகிட்டே நான் கோவா வரைக்கும் முழிச்சிருக்கணுமா?”

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. ஊரில் ஒவ்வொருவனும் நீ இல்லாமல் முடியாது என்கிறான், கட்டிய மனைவிக்கு இவர் இல்லாமல் இருந்தால்தான் கண் அசருகிறது! ஏதாவது சூடாகச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவரும், நம்புவீர்களோ மாட்டீர்களோ, எடுத்துவிட்டார். விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவர், பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். அவருக்கு வழி சொல்லி முடித்துத் திரும்பியபோது சாந்தி குழம்பைத் தாளித்துவிட்டிருந்தார்.

“கேன்சல் பண்ணிடறேன்” என்றார் அடைக்கலசாமி.

“ம்” என்றார் சாந்தி.

அன்று சாப்பிட்டபின் கேன்சல் பண்ணத்தான் உட்கார்ந்தார். இரண்டு பெயருக்கும் டிக் அடித்து, பட்டன் வரைக்கும் போய்விட்டார். கை போகவில்லை. சாந்தி சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. படுத்துக்கொண்டே எங்கேயாவது போக வேண்டுமாம். எனக்கும் அதேதானே வேண்டும், அதை ஏன் ஒரு பயலும் கேட்கமாட்டேன் என்கிறான் என்று நினைத்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிட்டார். டிக்கெட் அப்படியே இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாந்தி பையோடு அரியலூரில் இருக்கும் ஜெகதாம்பாள் டீச்சர் வீட்டுக்குப் போனார், அங்கிருந்து எல்லோரும் ஒரே வேனில் திருச்சி போவதாக ஏற்பாடு. மறுநாள் விடியற்காலையில் இவர் ஒரு தோள்பையை மாட்டிக்கொண்டு பெரம்பலூரில் திருச்சி பஸ் ஏறினார். என்ன திட்டம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சாந்தி தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, தன் பெட்டியை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான் தீர்மானம். பாடாலூர் தாண்டும்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது.

“சாமி சார், ஆபீஸ் சர்வர் எந்திரிக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்களேன். லீவுன்னு தெரியும், பெருசா ஒண்ணுமில்ல.”

“முடியாதுங்க” என்றார் அடைக்கலசாமி.

“ஹலோ? சார்? சிக்னல் சரியில்ல போலருக்கு. கேக்குதுங்களா?”

“நல்லா கேக்குதுங்க. முடியாது.” போனை அணைத்துப் பைக்குள் அடியில் தள்ளினார். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் என்னவோ துக்கச் செய்தி என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

திருச்சி ஜங்ஷனில், புரோகிராம் சொன்னபடியே வண்டி லேட். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பிளாட்பாரத்தின் நடுவில் டீச்சர்கள் கூட்டம். எப்போதும் புடவையில் இருக்கும் சாந்தி சுடிதார் போட்டுக்கொண்டு, யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. வண்டி வந்ததும் அவர்கள் எஸ்-நான்கில் ஏறினார்கள், இவர் எஸ்-இரண்டில் ஏறினார்.

கரூர் தாண்டி டி.டி.ஆர். வந்தார். “இன்னொரு ஆளு எங்க சார்? சாந்தி மேரி.”

“எஸ்-நாலுல இருக்காங்க. வருவாங்க” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. டி.டி.ஆர். சார்ட்டைப் புரட்டிப் பார்த்து, இவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “நீங்க கீழயே படுத்துக்குங்க” என்று நடுப் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். இனி அவள் எங்கே வரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கென்று பிடித்த கீழ் பெர்த்தில் தானே காலை நீட்டினார்.

அப்புறம் நடந்தது அவருக்கு நினைவில்லை. தூங்கினார் என்றால் அது சாதாரணத் தூக்கம் இல்லை. எத்தனையோ வருடத்து வேலை மொத்தமும் உடம்பை விட்டு இறங்குகிற மாதிரித் தூக்கம். சேலத்தில் யாரோ டீ டீ என்று கத்தியது கேட்டது. பெங்களூரில் எழுந்து ஒரு தயிர்சாதம் வாங்கி, பாதி சாப்பிட்டுவிட்டு மறுபடி சரிந்தார். எஞ்சின் மாறியது, மழை பிடித்தது, ஜன்னல் ஷட்டரை யாரோ இறக்கினார்கள், ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. வெளியே தென்னைமரமும் ஓட்டு வீடுகளுமாக ஓடியது. மலை எங்கே என்று பதறி எழுந்து உட்கார்ந்தார். இது சமவெளி. மலை இறங்கியாகிவிட்டது. அருவி போய்விட்டது. வருடக்கணக்கில் காத்து, வண்டி சரியாக லேட் ஆகி, சரியாக விடிந்து, அவர் தூங்கிவிட்டார்.

கால்மாட்டில் சாந்தி உட்கார்ந்திருந்தார்.

“நீ எப்ப வந்த?”

“கேன்சல் பண்ணிடறேன்னு சொன்னீங்க?”

“பண்ணல.”

“தெரியும். நேத்தே டி.டி.ஆரு வந்து, ‘உங்க பேருல எஸ்-ரெண்டுல இன்னொரு பெர்த் இருக்கே, உங்க வூட்டுக்காரரு காத்துகிட்டிருக்காரு, போறீங்களா இல்ல வேற ஆளுக்குக் குடுத்துடவா’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. மானமே போச்சு. ஹெச்.எம். டீச்சர் என்னப் பாத்த பார்வை இருக்கே! கோவத்துல குடுத்துடுங்கன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“நீங்களா வருவீங்கன்னு பாத்தேன். வரல. போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். உங்க போனு சுவிட்ச் ஆஃப்ன்னதும் எனக்குக் கைகால் ஓடல. என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடியாந்தேன். வாயத் தொறந்துகிட்டு தூங்கிட்டிருக்கீங்க. சாயங்காலம் வந்தேன், தூங்குறீங்க. ராத்திரி வந்தேன், அப்பயும். எனக்கு அங்க கண்ணு மூடவே இல்ல. காலைல இங்கயே வந்து உக்காந்துட்டேன்.”

“எழுப்பியிருக்கலாம்ல சாந்தி. அருவி…”

“எழுப்பத்தான் தோளுல கைய வச்சேன்.” சாந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உங்கள கல்யாணம் பண்ணினதுலேருந்து, போனு அடிக்காம நீங்க தூங்கி நான் பாத்ததில்லீங்க. மனசு வரல.”

அடைக்கலசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். சாந்தி சொன்னார். வண்டி மெதுவாகி நின்றே விட்டதாம், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற மாதிரி மலை மேலிருந்து அருவி இறங்கியதாம், சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்து இவர் நெற்றியில்கூடத் தெறித்ததாம், புடவைத் தலைப்பு இல்லாததால் சுடிதார் துப்பட்டாவால் துடைத்துவிட்டாராம். இத்தனை வருடமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவர் சொல்லச் சொல்லக் கேட்டவர் இப்போது சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

“டீச்சருங்க தேடப் போறாங்க, நீ போ” என்றார் கடைசியில்.

“தேடட்டும்.” சாந்தி செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். “எறங்க இன்னும் நேரமிருக்கு. கால மடக்குங்க, தள்ளுங்க. நான் கொஞ்சம் படுக்கணும்.”